பச்சைக்கிளி யார் என்று கேட்டார்கள்

சேதராப்பட்டில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் எனக்கு வேலை. ஷாம்பு பாட்டிலும் பவுடர் டப்பாவும் மெஷினிலிருந்து சூடாக விழும். பெண்கள் நாங்கள் வரிசையாக உட்கார்ந்து ஓரத்துப் பிசிறை வெட்டி, கீறல் இருக்கிறதா என்று பார்த்துப் பெட்டியில் அடுக்குவோம். டிப்ளமோ படித்திருந்ததால் எனக்குத் தரம் பார்க்கும் மேசை.

அந்த வேலையில் எனக்குப் பெரிய குறை ஒன்றுதான். பெண்கள் கழிப்பறையைப் பூட்டி வைத்திருந்தார்கள். சாவி சூப்பர்வைசர் மேசையில் இருக்கும். போய்க் கேட்டு வாங்க வேண்டும். திருப்பித் தரும்போது அவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். கெட்ட மனிதர் இல்லை. பார்க்கச் சொல்லியிருந்தார்கள், பார்த்தார். ஆனாலும் அத்தனை ஆண்கள் வேலை செய்யும் கூடத்தின் நடுவே, மாதத்தின் சில நாட்களில், அந்த மேசை வரை நடந்து போவது எங்களுக்குப் பெரிய தூரமாக இருந்தது. பல பேர் மதியம் வரை தண்ணீரே குடிப்பதில்லை. எனக்குப் பக்கத்தில் உட்காரும் அக்காவுக்கு அடிக்கடி நீர்க்கடுப்பு வரும். நான் இரண்டு முறை சூப்பர்வைசரிடம் சொல்லிப் பார்த்தேன். மேலே சொல்கிறேன் என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அந்த அக்காவும் முதலியார்பேட்டையில் எங்கள் தெருமுனை பிரவுசிங் சென்டருக்குப் போவோம். கூடப் படித்தவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க உதவும் ஒரு வலைத்தளத்தில் அப்போது ஊரே இருந்தது. அக்காவுக்கும் நான்தான் கணக்கு ஆரம்பித்துக் கொடுத்தேன். சொந்தப் பெயர் வேண்டாமென்று ‘பச்சைக்கிளி’ என்று வைத்து, ஒரு கிளிப் படத்தையும் போட்டுக்கொண்டார். எங்கள் கம்பெனி பெயரில் யாரோ அதில் ஒரு குழு தொடங்கியிருந்தார்கள். பிறந்தநாள் வாழ்த்துகளும் பூப் படங்களுமாக இருந்த அந்த இடத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் சொந்தப் பெயரிலேயே, ஆங்கில எழுத்தில் தமிழாக நான் எழுதினேன்: இங்கே வேலைக்கு வர்ற பொண்ணுங்க முதல்ல தண்ணி குடிக்காம இருக்கக் கத்துக்குங்க, பாத்ரூம் போகணும்னா சாவி கேக்கணும். அதன் கீழே பச்சைக்கிளி, ‘நூத்துக்கு நூறு உண்மை’ என்று எழுதியது. எழுதிவிட்டு இருவரும் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தோம்.

சில வாரங்கள் எதுவும் நடக்கவில்லை. பிறகு வெளியூரிலிருந்து இன்ஜினியர் வேலைக்கு நேர்காணலுக்கு வந்த ஒருவர், கம்பெனியைப் பற்றி இன்டர்நெட்டில் தேடிப் படித்துவிட்டு வந்திருக்கிறார். ஏதாவது கேட்க வேண்டுமா என்று முதலாளி கேட்டதும், லேடீஸ் டாய்லெட்டைப் பூட்டி வைப்பது உண்மையா சார் என்று கேட்டுவிட்டார். அன்று மாலையே என் கையில் சார்ஜ் மெமோ வந்தது. கம்பெனியின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்ததாக எழுதியிருந்தது.

அம்மாவிடம் மறைக்க முடியவில்லை. வேலை போய்விடுமோ என்று பயப்படுவார் என நினைத்தேன். அவருடைய கவலை வேறாக இருந்தது. “போயும் போயும் இந்த விஷயத்தயா ஊரெல்லாம் படிக்கிற மாதிரி எழுதுவ?” என்றார். அன்று முழுவதும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் அக்கா வீட்டுக்கு வந்தார். வேலை பார்த்த மில் மூடியதிலிருந்து அவருடைய கணவருக்கு நிலையான வேலை இல்லை. அம்மா காபி போட உள்ளே போகும் வரை காத்திருந்து, “எம் பேரு மட்டும் வராம பாத்துக்க” என்றார். வராது என்றேன். காபியைக் குடிக்காமலே போய்விட்டார்.

என்கொயரி, கம்பெனியின் மீட்டிங் அறையில் நடந்தது. வெளியிலிருந்து ஒரு வக்கீலை விசாரணை அதிகாரியாக அழைத்திருந்தார்கள். எதிரே பர்சனல் ஆபீசர். அவருக்குப் பக்கத்தில், கம்பெனி தரப்புச் சாட்சியாக எங்கள் சூப்பர்வைசர். பிரின்ட் எடுத்த தாளை என் பக்கம் நகர்த்தி, எழுதியது நீதானா என்று கேட்டார்கள். நான்தான் என்றேன்.

“இந்தப் பச்சைக்கிளி யாரு?” என்றார் பர்சனல் ஆபீசர். “அத மட்டும் சொல்லிடும்மா. ஒனக்கு வார்னிங்கோட முடிச்சிடலாம்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. “எழுதினது நான் சார். என்னயே கேளுங்க” என்றேன். பிறகு எங்கிருந்தோ தைரியம் வந்து, எழுதினதில் பொய் எது என்று கேட்டேன்.

“பொய்யா நெசமான்றது இங்க கேள்வியே இல்ல” என்றார் அவர். “வெளியில எழுதலாமான்றதுதான் கேள்வி. ஒரு வார்த்த உள்ள சொல்லியிருந்தா நாங்க செய்ய மாட்டமா?”

அதுவரை பேசாமல் இருந்த சூப்பர்வைசர் தொண்டையைச் செருமினார். “இந்தப் பொண்ணு எங்கிட்ட ரெண்டு வாட்டி சொல்லிச்சு சார். நான் ஒங்ககிட்ட சொன்னேன்.”

வக்கீல் அதைக் குறித்துக்கொண்டார். பர்சனல் ஆபீசர் அடுத்த தாளைப் புரட்டினார்.

ஒரு வாரம் சஸ்பென்ஷன், அந்த வருட இன்கிரிமென்ட் கிடையாது என்று முடிவானது. மன்னிப்புக் கடிதத்தை அவர்களே டைப் செய்து வைத்திருந்தார்கள். தவறான தகவலை வெளியிட்டதற்கு வருந்துகிறேன் என்று அதில் இருந்தது. ‘தவறான’ என்ற சொல்லை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். பர்சனல் ஆபீசர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு கோப்பில் வைத்துக்கொண்டார். அவருடைய கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து நான் எழுதியதை நீக்கச் சொன்னார்கள். பதற்றத்தில் பாஸ்வேர்டு மறந்துபோய் வெகு நேரம் திணறினேன்.

திரும்பி வேலைக்குப் போனபோது கழிப்பறையில் பூட்டு இல்லை. யாரும் எதுவும் அறிவிக்கவில்லை. வெளிநாட்டு வாடிக்கையாளர் பார்வையிட வருகிறார், அதனால்தான் என்று சொல்லிக்கொண்டார்கள். என்னால்தானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சூப்பர்வைசரிடம் நன்றி சொல்லப் போனேன். வேலையைப் பாரும்மா என்று மட்டும் சொன்னார். நான் கேட்டது ஒன்று, பர்சனல் ஆபீசர் கேட்டது வேறொன்று என்பதைப் பின்னாளில் நிறைய யோசித்திருக்கிறேன். உள்ளே சொன்னால் காதில் விழாது, வெளியே சொன்னால் குற்றம் என்றால், எங்கே நின்று சொல்வது? அந்த அறையில் அதைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

என்னைத் தண்டனையைவிட அதிகம் வருத்தியது அக்காதான். கம்பெனி வேனில் எனக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். மதியம் வேறு கூட்டத்தோடு சாப்பிட்டார். அவருக்காக வாயை மூடிக்கொண்டிருந்த எனக்கு அது பொறுக்கவில்லை. நானும் பேசவில்லை.

பல மாதம் கழித்து, மழை பெய்த ஒரு மதியம், டிபன் பாக்ஸோடு என் எதிரே வந்து உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே பேசினார்.

“ஒங்கூட பேசினா நான்தான்னு கண்டுபுடிச்சிடுவாங்கன்னு மொதல்ல பயமா இருந்துச்சு. அப்புறம் பயம் போயிடுச்சு. ஆனா இத்தினி நாள் பேசாம இருந்துட்டு எப்புடி வந்து பேசுறதுன்னு வெக்கமாயிடுச்சு.”

என் பாக்ஸை அவர் பக்கம் நகர்த்தினேன். கத்திரிக்காய்ப் பொரியல் இருந்தது, எடுத்துக்கொண்டார். அதன்பிறகு நான் அந்த வேலையை விடும்வரை சேர்ந்தே சாப்பிட்டோம். எல்லாவற்றைப் பற்றியும் பேசினோம், பேசாமல் இருந்த அந்த மாதங்களைப் பற்றி மட்டும் இருவரும் பேசிக்கொண்டதில்லை.