இடுப்பில்லாத குளவி

குளவி என்றால் இடுப்பு ஒடுங்கியிருக்க வேண்டும், இதற்கு இடுப்பே இல்லையே! மயிலாப்பூரில் எங்கள் தெருமுனைப் புங்க மரத்தடியில், துணி மூட்டையோடு நின்றபோது எனக்குத் தோன்றியது அவ்வளவுதான்.

மூட்டையை மரத்தடி இஸ்திரி வண்டியில் போட்டுவிட்டு, வண்டி விளிம்பில் உட்கார்ந்திருந்த அதன்மேல் குனிந்தேன். மஞ்சள் பட்டை, கண்ணாடி இறக்கை எல்லாம் அச்சு அசல் குளவி. உடம்பு மட்டும் மேலிருந்து கீழே ஒரே தடிமன். குளவி வேஷத்தில் பகலில் பறக்கும் அபூர்வ அந்துப்பூச்சிகள் உண்டு என்று படித்திருக்கிறேன். ஃபோனை எடுப்பதற்குள் இஸ்திரிக்காரர் ஈரத்துணியால் ஒரே போடு.

“அண்ணா!”

“இன்னா பாப்பா, கொட்டிட்ச்சா?”

“அது குளவி இல்லண்ணா, அந்துப்பூச்சி.”

“துணி திங்குமே, அதுவா? அப்போ இன்னொரு போடு போடணும்.”

“இது துணி திங்காதுண்ணா!”

நசுங்கியதைப் படமெடுத்து, பூச்சி பார்ப்பவர்களின் வாட்ஸப் குழுவில் போட்டேன். ‘பூச்சியா, புளிச்சட்னியா?’ என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் மரத்தைப் பார்க்கச் சொன்னார். இவற்றின் புழு கட்டைக்குள்ளேயே வளருமாம். பூச்சி வெளியே வரும்போது காலியான கூட்டுப்புழு உறை துளையிலேயே மாட்டிக்கொண்டு நிற்குமாம். நம் ஊரில் எந்த மரத்தில் வளரும், வெளியே வர எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். குழுவில் ஒருவருக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலை ஸ்டூல் போட்டு ஏறினேன். வண்டிக்கு மேலே சாய்ந்த கிளையில் ஒரு துளை, அதில் பாதி நீட்டிக்கொண்டு பழுப்பு உறை. பக்கத்திலேயே இன்னும் இரண்டு துளைகள், காகிதம்போல் மெல்லிய பட்டையால் மூடியபடி. உள்ளே ஆள் இருக்கிறது!

“அந்தக் கெளைய வெள்ளிக்கெயம வெட்றாங்கோ. கரண்டு கம்பில படுதாம். லாரில ஏத்தினா நேரா பெருங்குடி குப்பமேடுதான்” என்றார் இஸ்திரிக்காரர்.

“ஐயோ, ஒரு வாரம் தள்ளிப் போடச் சொல்லுங்களேன்.”

“நெயலு பூடுமேன்னு நானே காலைலருந்து கத்திக்கினு கீறேன், எவன் கேக்குறான்? நீ பூச்சிக்கு வந்துட்ட.”

வெள்ளிக்கிழமை முதல் இரண்டு வகுப்புகளுக்கு மட்டம். வெட்ட வருகிறவர்களிடம் துளைகள் இருக்கும் அந்த ஒரு முழத் துண்டை மட்டும் கெஞ்சி வாங்க வேண்டும். வெட்டுவாய் இரண்டிலும் மெழுகு பூசினால் கட்டையின் ஈரம் காயாமல் நிற்கும் என்று நினைக்கிறேன். யாரும் சொல்லித் தரவில்லை, என் ஊகம்தான். பிறகு கொசுவலையில் சுற்றி, காலை வெயில் விழும் பால்கனிக் கம்பியில் கட்டித் தொங்கவிடப் போகிறேன்.