மணி அடித்த பிறகும் குழாயடியில்

பசித்த பிள்ளைகளைக் காக்கவைத்து ஒரு தாய் தண்ணீர் பிடித்தால், அதை அறியாமை என்று சொல்ல எனக்கு என்ன உரிமை?

நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு செல்லும் கப்பலில் இது முதல் மாலை. மேல்தளத்தில் என் பாய்க்கு அடுத்த பாய் அருப்புக்கோட்டை ராஜம்மாளுடையது. வீட்டில் தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பம்; பினாங்கில் இருக்கும் கணவரிடம் இரண்டு பெண்பிள்ளைகளுடன் போகிறார். நான் பக்கத்துத் திருச்சுழிக்காரன் என்றதும் அவருக்குத் தம்பியாகிவிட்டேன்.

சாப்பாட்டு மணி அடிக்கிறது. எல்லோரும் தட்டுடன் விரைகிறார்கள். ராஜம்மாளோ குழாயடியில் இரண்டாவது குடத்தை வைக்கிறார். தண்ணீர் நூலாகத்தான் ஒழுகுகிறது. பிள்ளைகள் தெலுங்கில் சிணுங்குகிறார்கள்.

"அக்கா, இந்தக் குழாய் நிக்காது. சோறுதான் தீந்துபோகும்."

"எங்க தெருவுல குழாய் போட்ட அன்னைக்கும் இப்படித்தான் சொன்னாக தம்பி. சொன்னவுக வீட்டுலதான் மறுநா குடம் காலி."

வாதாட எனக்குப் பல நியாயங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் சொல்லி முடிக்கும்வரை பிள்ளைகள்தாம் பசியோடு நிற்க வேண்டும்.

"குடத்த நான் பாத்துக்கிறேன். நீங்க போங்க."

"தண்ணி வழிய விட்டுறாதீக" என்று எச்சரித்துவிட்டுப் பிள்ளைகளுடன் போகிறார்.

குடம் நிறைந்து நான் போகும்போது அண்டாவைக் கழுவிக்கொண்டிருக்கிறார்கள். ராஜம்மாள் தம் தட்டில் பாதிச் சோற்றை எனக்காக ஒதுக்கி வைத்திருக்கிறார்.

"படிச்ச புள்ளைக்கு ஒரு குடம் பிடிக்க இம்புட்டு நேரமா?"

பின்வந்த நாட்களில் குழாய் ஒருமுறைகூட நிற்கவில்லை. ஆயினும் கரை சேரும்வரை, மணி அடித்ததும் நான் குழாயடிக்குப் போனேன். அவர்கள் முதலில் சாப்பிட்டார்கள்.