கோபம் வந்தால் மட்டும்

ஓய்வு பெறும்வரை அலுவலகத்தில் பெண்களின் புகார்களை விசாரிக்கும் குழுவில் இருந்தவள் நான். யாரை முதலில் விசாரிக்க வேண்டும், எதை ஆதாரமாக ஏற்கலாம் என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தப்பு செய்கிறவர்கள் எப்போதும் அடுத்தவர் பெற்ற பிள்ளைகள் என்ற விதியை மட்டும் நானாகச் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் என் மகன், தான் காதலிக்கும் பெண்ணை மந்தைவெளி வீட்டுக்குச் சாப்பிட அழைத்து வந்தான். அவள் கை பட்டு ரசம் அவன் சட்டையில் கொட்டியது. துடைக்கத்தான் அவன் கையைத் தூக்கினான். அவள் சட்டென்று இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"எப்பவும் ஓவர் ஆக்டிங்தாம்மா இவ" என்று அவன் சிரித்தான்.

அவளைச் சமையலறைக்கு அழைத்துப் போய்க் கேட்டேன். "உன்ன அடிக்கிறானா?"

"ஐயோ, இல்ல ஆன்ட்டி! கோவம் வந்தா மட்டும்தான். அப்புறம் அவனே அழுவான்."

"இவன் உனக்கு வேணாம்டா கண்ணு. விட்டுட்டுப் போயிடு."

அவள் கண் கலங்கியது. "என்னைப் பிடிக்கலையா ஆன்ட்டி?"

பிடித்ததால்தான் சொல்கிறேன் என்று எப்படியெல்லாமோ சொல்லிப் பார்த்தேன். அவள் காதில் விழுந்தது மாமியாரின் மறுப்பு மட்டும்தான். கிளம்பும்போது, "உங்ககிட்ட நல்ல பேர் வாங்கிக் காட்டுறேன் ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு அவன் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

புகாரோடு வந்த பெண்களைத்தான் அதுவரை பார்த்திருந்தேன். அடிபடுவதைப் புகாராகவே நினைக்காத ஒருத்தியை அன்றுதான் பார்த்தேன். அவளை அடிப்பவன் என் மகன்.