கடலில் இருந்து தெரிந்த லைட்

எழுத வந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். கோயிலில் வாசகம் வாசிக்கக் கேட்டாலே தூணுக்குப் பின்னால் ஒதுங்குகிறவள். மீன்தொட்டிக்கு எந்த லைட் நல்லது என்பதெல்லாம் ஒரு கதையா என்று நீங்கள் நினைக்கலாம். எனக்குத் தெரிந்தது அதுதான்.

சண்டை முடிந்து நாங்கள் மன்னார்க் கரையில் உள்ள எங்கள் ஊர் பேசாலைக்குத் திரும்பிய பிறகு, இயக்கத்தில் இருந்த என் தம்பியைப் புனர்வாழ்வு முகாமில் இருந்து வெளியே விட்டார்கள். எங்களோடுதான் இருந்தான். வேலைக்கும் போகவில்லை, கோயிலுக்கும் வரவில்லை. அவனுடைய அறை ஜன்னல் ரோட்டுப் பக்கம், ரோட்டுக்கு அப்பால் கடல். அதை அவன் திறப்பதே இல்லை. கேட்டதற்கு "ஓம்", "இல்லை" என்பான், அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு மச்சாள் எறிய வைத்திருந்த கண்ணாடித் தொட்டியை அவனாகவே போய்க் கேட்டு வாங்கி வந்தான். ஒழுக்கை அடைத்து, கழுவிய மணல் போட்டு, நானாட்டான் பக்கக் குளத்தில் என் கணவர் பிடுங்கி வந்த செடிகளை நட்டான். கொஞ்சம் கப்பி மீன்களும் விட்டான்.

இருட்டறையில் செடி வளருமா? ஜன்னலைத் திற என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதலில் குண்டு பல்பு போட்டோம். தண்ணீர் சூடாகிச் சில மீன்கள் செத்தன. பிறகு ஒரு சின்ன வெள்ளை பல்பு. அந்த வெளிச்சம் போதாமல் செடிகள் நூல் போல நீண்டன, கீழ் இலைகள் அழுகின. தம்பி மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கத் தொடங்கினான். இந்தச் செடியும் போனால் அவன் எழும்பவே மாட்டான் என்று பயந்தேன்.

மன்னார் ரவுண் கடைத்தெருவில் லைட் கடைக்காரர் சிவப்பும் நீலமும் கலந்த ஒரு பட்டி லைட்டை எடுத்துத் தந்தார்.

"செடிக்கு இதுதான் தங்கச்சி சாப்பாடு. எட்டு மணித்தியாலம் காணும். கூடப் போட்டால் தண்ணி பச்சையாப் போகும்."

பகலில் கரண்ட் நின்று நின்று வந்ததால் தம்பி அதைப் பின்னேரத்தில் இருந்து எரித்தான். சில கிழமைகளில் ஒரு நாள் கூப்பிட்டான்.

"அக்கா, ஓடி வாங்கோ! இலை மூச்சு விடுது பாருங்கோ!"

இலைகளில் சின்னச் சின்னக் காற்றுக் குமிழ்கள். நான் குமிழைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைத்தான் பார்த்தேன்.

ஜன்னலுக்கு மேலே காற்றுக்கு வைத்த ஓட்டைக் கல்லால் ரோஸ் வெளிச்சம் வெளியே போனது. மச்சாள் வேலிக்கு மேலால் கேட்டாள்.

"என்ன மச்சாள், உள்ளுக்கப் படம் எடுக்கிறியளோ? கதாநாயகி நீங்களோ?"

"போங்கோ மச்சாள். அது செடிக்கு."

"செடிக்கு ரோஸ் லைட்டாம்! எங்கட மனுசன் எனக்கொரு டோர்ச் கூட வாங்கித் தரேல்லை."

அறைக்குள் தம்பி சிரித்தான்.

பிறகு ஒரு விடியற்காலை என் கணவர் கடலால் வந்து சொன்னார். "வலை விடேக்க எங்கட வீடு தெரியுது. வெளிச்ச வீடு கட்டினியோ எண்டு வள்ளக்காரர் கேக்கிறாங்கள்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கரை இந்தியாவில் இருந்து களவாகப் படகு வரும் கரை இது. கடலைப் பார்த்துக் கலர் லைட் எரிந்தால் அதற்குச் சனம் வேறு அர்த்தம் வைத்திருக்கிறது. அதுவும் இவன் இருக்கிற வீட்டில்.

"தம்பி, ஓட்டைக்குச் சாக்குக் கட்டுவமா?"

"கட்டினால்தான், அக்கா, சந்தேகப்படுவினம்."

அந்தக் கிழமையே ஒரு பின்னேரம், சிவில் உடுப்பில் ஆமிக்காரர் இரண்டு பேர் வந்தார்கள். தம்பி எழும்பி நேராக நின்றான், கைகளை அவர்கள் பார்க்கும்படி வைத்துக்கொண்டு.

"யாருக்கு சிக்னல்?" என்றார் ஒருவர்.

"செடிக்கு, சேர்."

"செடி யார்? ஆள் பேரா?"

மற்றவர் சிரித்தார். கேட்டவர் சட்டைக் கையை மடித்துத் தொட்டிக்குள் முழங்கை வரை விட்டு மணலைக் கிளறினார். செடிகள் வேரோடு மிதந்தன. அதற்குள் ஒன்றும் இல்லை. லைட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டார்.

"நாளைக்குக் காலையில கேம்புக்கு வா."

அவர்கள் போனதும் நான் செடிகளை மறுபடி நடப் போனேன். "கொஞ்சம் பெரிய வெள்ளை லைட் வாங்கிக்கொண்டு வாறன். அது வெளியில வித்தியாசமாத் தெரியாது."

"வேண்டாம் அக்கா. லைட்டே வேண்டாம்."

சொல்லிவிட்டு நிலத்தில் சிந்திய தண்ணீரைத் துடைத்தான்.

அடுத்த நாள் இருவரும் போனோம். மத்தியானம் வரை வாசலில் இருத்தி வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போகச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து மீன்களைக் கிணற்றில் விட்டோம்.