முருகன் நகர்ந்து கொடுத்த சன்னல்

“ரூமுல சன்னல் இருக்குல்லா அண்ணே?” என்று கடைக்காரத் தம்பி கேட்டதும், “இல்லப்பா” என்று சொல்லிவிட்டேன். நாள் முழுக்க முருகா முருகா என்று சொல்கிற வாய் அது. அதிலிருந்து அந்தப் பொய் எப்படி அவ்வளவு சுலபமாக வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

“சன்னலே இல்லன்னா அது ரூமா அண்ணே, பீரோவா?” என்றான் அவன். தென்காசிப் பக்கத்துப் பேச்சு.

என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவனிடம், “சன்னல் கீது தம்பி. அதுல முருகன் குந்திகினு கீறாரு” என்றாள்.

நாங்கள் குன்றத்தூரில் அந்தக் கடைக்குப் போனது, சக்கரம் வைத்த சின்ன ஏசி ஒன்று பார்க்க. பிள்ளைப்பாக்கத்தில் நாங்கள் இருப்பது ஷீட் போட்ட வாடகை வீடு. சுவரில் மாட்டுகிற ஏசிக்கு ஓட்டை போட வேண்டும், ஓட்டை போட்டால் காலி செய்துவிடுங்கள் என்று வீட்டுக்கார அம்மா சொல்லிவிட்டார்.

ஏசி எனக்காக இல்லை. நான் பகல் ஷிப்ட், வேலை செய்கிற பேக்கிங் செக்‌ஷனில் பெரிய மின்விசிறிகள் உண்டு. மனைவி செல்போன் தயாரிக்கிற கம்பெனியில் அசெம்பிளி லைனில் நிற்கிறவள். நைட் ஷிப்ட் முடிந்து காலை ஏழு மணிக்குப் பஸ் அவளை இறக்கிவிடும். பத்து மணிக்கெல்லாம் கூரை காய்ந்து அறை அடுப்பாகிவிடும். ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு படுத்தாலும் அவள் கண் அசருவதற்குள் துண்டு காய்ந்துவிடும். போன மாதம் லைனில் நின்றபடியே கண் சொக்கிவிட்டாள். சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேலையை விட்டு எடுத்துவிடுவேன் என்று எல்லோர் எதிரிலும் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்து, “உங்க முருகன்கிட்ட எனக்குக் கொஞ்சம் தூக்கம் வாங்கிக் குடுங்க” என்றாள். தினமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். வழியை மறித்து உட்கார்ந்திருப்பவரே அவர்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

தம்பி மெஷினின் பின்பக்கம் தொடை பருமனில் ஒரு குழாயைக் காட்டினான். முன்னால் குளிர்காற்று, பின்னால் அந்தக் குழாய் வழியாக அனல். குழாயின் வாயைச் சன்னலில் பொருத்தி அனலை வெளியே விட வேண்டும். இல்லாவிட்டால் முன்னால் கொடுத்ததைப் பின்னால் அதுவே பிடுங்கிக்கொள்ளும்.

“குழாய் இல்லாம ஒண்ணும் இல்லையா?” என்றேன்.

“இருக்கு அண்ணே. தண்ணி ஊத்துற கூலர். சன்னலச் சாத்திப் போட்டா மதினி இட்லி கணக்கா வெந்துருவாங்க.”

எங்கள் அறையில் இருப்பது ஒரே சன்னல், கிழக்குப் பார்த்தது. ஏழு வருடம் முன்னால் குடிவந்த அன்றே அதன் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு, குன்றத்தூர் மலையடிவாரத்தில் வாங்கிய முருகன் படத்தைக் கம்பியோடு சேர்த்துக் கட்டியவன் நான். அதற்குப் பிறகு அந்தச் சன்னல் திறக்கவே இல்லை.

“காத்தெல்லாம் முருகன் முதுகுல, வேர்வையெல்லாம் என் முதுகுல” என்று பஸ்ஸில் வரும்போது அவள் சொன்னாள். பக்கத்து சீட்டுக்காரர் சிரித்தார். நான் வெளியே பார்த்துக்கொண்டேன்.

இரண்டு நாள் யோசித்தேன். குழாயைக் கதவு வழியாக ஹாலுக்கு விடலாமா என்றேன். “விடுங்க. நீங்க ஹால்ல வெந்துகினே பூஜை பண்ணுங்க” என்றாள். சமையலறைக்கு விடலாமா என்றேன். “சரி, அப்ப சமையல் உங்களுது.” முருகனை ஹாலுக்கு மாற்றலாம் என்று மட்டும் என் வாயில் வரவில்லை. ஹாலில் டிவி இருக்கிறது, வாசலில் செருப்பு கிடக்கிறது. ஏழு வருடம் ஓர் இடத்தில் இருந்தவரை எழுப்புவது என்றால் மனசு கேட்க வேண்டாமா?

கடைசியில் அவரிடமே பூப் பொட்டலம் போட்டுக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். வெள்ளைப் பூ வந்தால் ஹாலுக்கு வரச் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. மல்லிகை வைத்தால் வாசம் காட்டிக்கொடுக்கும் என்று இரண்டு நிறத்திலும் அரளியாகவே பறித்து வந்தேன். என் கையே எனக்குத் துரோகம் செய்யக்கூடாது என்று பொட்டலம் மடிக்கிற வேலையை அவளிடம் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை காலை, ஷிப்ட் முடிந்து வந்து குளித்து, தூக்கம் சொக்கும் கண்ணோடு இரண்டு பொட்டலமாக மடித்துத் தட்டில் வைத்தாள். நான் கண்ணை மூடி ஒன்றை எடுத்தேன்.

வெள்ளை.

எனக்கு உடம்பு சிலிர்த்துப்போய்விட்டது. “பாத்தியா, உனக்காக எறங்கி வராரு” என்றேன். “ஆமாங்க” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அன்று மாலையே படத்தைத் துடைத்து ஹாலின் கிழக்குச் சுவரில் மாட்டினேன். செருப்பை வாசலுக்கு வெளியே தள்ளினேன். மறுநாள் கடைக்குப் போய், ஷீட் கூரை என்பதால் தம்பி சொன்னபடி ஒரு சைஸ் பெரியதாகவே எடுத்தோம். சத்தம் கொஞ்சம் வரும் என்றான். “லைன்ல கேக்காத சத்தமா? எனக்கு இவரு மணிச் சத்தம்தான் ஆவாது” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்குப் படுத்தவள் பதினொன்றுக்கும் எழவில்லை, ஒரு மணிக்கும் எழவில்லை. கதவை லேசாகத் திறந்து பார்த்தேன். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு தூங்குகிறாள். எங்கள் வீட்டில், சித்திரை மாதத்தில், போர்வை!

நெஞ்சு நிறைந்துபோய், பூஜைத் தட்டைக் கழுவலாம் என்று எடுத்தேன். பிரிக்காத பொட்டலம் அதிலேயே கிடந்தது. காய்ந்த பூவைச் செடியில் போடலாம் என்று பிரித்தேன்.

அதுவும் வெள்ளை.

எழுப்பிக் கேட்டுவிடலாமா என்று கதவுவரை போனேன். உள்ளே மெஷின் உறுமிக்கொண்டிருந்தது, அதற்கும் மேலே அவள் குறட்டை. திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

நாலு மணிக்குக் கன்னத்தில் தலையணைக் கோட்டோடு வெளியே வந்தாள். பொட்டலத்தை நீட்டினேன். வாங்கிப் பார்த்தாள்.

“வள்ளிய மடக்க யானையக் காட்டிப் பயமுறுத்துனவருதான உங்காளு? ஒரு அரளிப் பூவுக்கா கோச்சிக்குவாரு?” என்று சொல்லிவிட்டு டீ போடப் போனாள்.

யோசித்துப் பார்த்தால், இந்த விஷயத்தில் முதல் பொய் கடையில் நான் சொன்னது. அடுத்த கிருத்திகைக்கு மலை ஏறி இரண்டையும் சேர்த்து ஒரே மன்னிப்பாகக் கேட்டுக்கொண்டேன்.

இப்போது அவள் தூங்கும் நேரத்தில் பூஜை செய்ய வேண்டி வந்தால், மணியின் நாக்கை விரலால் பிடித்துக்கொண்டு ஆட்டுகிறேன். சத்தம் வராது. அவருக்குக் கேட்காமலா போய்விடும்?