பிரசிடெண்டம்மாவின் தேர்தல்

நாட்டுக்கு ஒரு பிரசிடெண்டு இருப்பதுபோல ஊருக்கும் ஒரு பிரசிடெண்டு உண்டு. அப்படியானால் ஊருக்கு ஒரு முதல் பெண்மணியும் இருக்கத்தானே வேண்டும்? திருச்சுழிக்குப் பக்கத்தில் இருக்கிற நாங்கள் பிறந்த வானம் பார்த்த ஊருக்கு என் அக்காதான் முதல் பெண்மணி. அருப்புக்கோட்டையில் வாக்கப்பட்ட நான் அவளை அப்படித்தான் கேலி செய்வேன். "போடி, எனக்கு அந்தப் பட்டம் ஒண்ணுதான் குறைச்சல்" என்பாள். ஆனால் முகத்தில் சந்தோஷம் தெரியும்.

அத்தான் இரண்டு முறை பஞ்சாயத்துத் தலைவராக இருந்தார். நல்ல மனிதர். ஆள் வாட்டசாட்டம், மீசை பெரிது, முடிவெடுக்க மட்டும் வராது. கூட்டத்தில் சிக்கலான பேச்சு வந்தால் அவருக்குத் தாகம் எடுத்துவிடும். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று வீட்டுக்குப் போவார். திரும்பி வந்ததும் கணீரென்று முடிவு சொல்வார். "பிரசிடெண்டுக்குத் தாகம் எடுத்துருச்சு, இன்னைக்குப் பேச்சு முடிஞ்சிரும்" என்று ஊரே சிரித்துக்கொள்ளும். எந்தத் தெருவுக்கு முதலில் குழாய் போடுவது, கண்மாய்க்குள் கருவேலம் வெட்ட எப்போது ஏலம் விடுவது, எல்லாமே அக்காவின் அடுப்படியில் முடிவானதுதான்.

எம்.ரெட்டியபட்டி பஸ் ஊருக்குப் பிரிகிற மெயின் ரோட்டு விலக்கோடு போய்விடும், ஊருக்குள் வராது. அத்தான் மனுக் கொடுத்துக் கொடுத்து ஓய்ந்துபோனார். ஒரு நாள் காலையில் அக்கா ஊர்ப் பெண்களைக் காலிக் குடங்களோடு விலக்கில் உட்கார வைத்துவிட்டாள். "பஸ்ஸுக்கு மறியல் பண்ண எதுக்குக்கா குடம்?" என்று போனில் கேட்டேன். "குடம் இருந்தாத்தான்டி போட்டோ எடுப்பாக" என்றாள். அதிகாரிகள் ஓடி வந்தார்கள். வெள்ளை வேட்டியோடு அத்தான் போய்ச் சமாதானம் பேசினார். சில நாளில் பஸ் ஊருக்குள் வந்தது. பஸ்ஸுக்கும் மாலை போட்டார்கள், அத்தானுக்கும் போட்டார்கள். அக்கா வந்தவர்களுக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது வருத்தமாகவே தெரியவில்லை. எனக்குத்தான் வயிறு எரிந்தது.

அடுத்த தேர்தலில் எங்கள் ஊர்த் தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஆனது. "இம்புட்டு நாளா நீதான பாத்த, இனி நீயே நில்லு" என்று அத்தானே எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அன்றைக்கு அக்கா போனில் பேசிய குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. "ஏன்டி, செவுத்துல பெருசா என் பேரை எழுதுவாகளாம்டி."

அவளுக்கு அந்த ஆசை அவ்வளவு நாளும் உள்ளே கிடந்திருக்கிறது. கூடப் பிறந்த எனக்கே தெரியாது. அருப்புக்கோட்டைக்கு வந்து, என்னையும் கூட்டிக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனாள். கும்பிட்டபடி நிற்கச் சொன்னதற்கு வெட்கம் தாங்காமல் சிரித்தாள். "மத்தவுகள நிக்க வச்சே பழகிட்டேன்டி" என்றாள்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. மனுத்தாக்கலுக்கு முன்பே, தோட்டத்தில் மோட்டார் போடப் போன அத்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். மதுரைக்குக் கொண்டு போனோம். காரியாபட்டியைத் தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது.

கருமாதி முடிந்த அன்றே ஊர்ப் பெரியவர்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து தேர்தல் பேசினார்கள். உள்ளறையில் அக்காவோடு நான் இருந்தேன். "என்னையத்தான்டி சொல்லுவாக. அவுக சொல்லிட்டுப் போனது எல்லாருக்கும் தெரியும்ல" என்றாள். அந்த ஒரு நினைப்பில்தான் அவள் இரண்டு வாய் சோறாவது தின்றுகொண்டிருந்தாள்.

அத்தானின் பெரியப்பா எழுந்து வந்து வாசற்படியில் நின்றார். கண் கலங்கியிருந்தது. "தாயி, உன் கொழுந்தன் பொண்டாட்டிய நிப்பாட்டலாம்னு இருக்கோம்."

"நான் நிக்கிறதாத்தான மாமா பேச்சு?"

"பேச்சு அதான். அப்ப அவன் இருந்தான். கோயில்ல தேங்கா உடைச்சு ஓட்டுக் கேக்கக் கிளம்பணும், வீட்டுக்கு வீடு ஆரத்தி எடுப்பாக. பூவும் பொட்டுமா ஒரு ஆளு வேணும்ல தாயி."

என் வாய் சும்மா இருக்குமா? "இந்த ஊருக்குள்ள பஸ்ஸு வந்தது பூவாலயா, பொட்டாலயா?" என்று கேட்டுவிட்டேன். "நீ வெளியூர்ல வாக்கப்பட்டவ. சும்மா இரு" என்றார். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவள் சொல்லைக் கொண்டுபோய்ச் சபையில் சொல்ல இருந்த ஒரே ஆள் போய்விட்டார். அவள் பலம் அத்தனையும் அந்த ஒரு மனிதரின் குரலில் இருந்திருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் ஆறவில்லை.

போஸ்டரில் அத்தான் படம் பெரிதாக இருந்தது. அதற்குக் கீழே கொழுந்தன் மனைவி கும்பிட்டபடி நின்றாள். பாவம், அவள் அதிர்ந்து பேசத் தெரியாத பெண். அவளை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்குமா? உள்ளறையில் உட்கார்ந்தபடியே அக்கா தேர்தல் வேலையை ஆரம்பித்துவிட்டாள். "மேலத்தெருவுக்கு நீயே போ. கீழத்தெருவுக்கு உன் புருசன அனுப்பாத, அங்க பழைய பகை இருக்கு" என்று ஓரகத்திக்குச் சொல்லிக் கொடுத்தாள். கொல்லைப்புறமாக வந்த பெண்களிடம் அவளே ஓட்டும் கேட்டாள். உனக்கென்ன கிறுக்கா என்று நான் திட்டினேன். "தோத்துட்டா அவுக பேருதான்டி கெடும்" என்றாள்.

கொழுந்தன் மனைவி ஜெயித்தாள். பதவியேற்கக் கிளம்பிய அன்று கொட்டோடு ஊர்வலம் வந்து அக்கா வீட்டு முன்னால் நின்றது. அந்தப் பெண் மாலையும் கழுத்துமாக டிராக்டரிலிருந்து இறங்கினாள். அக்கா காலில் விழத்தான் வந்தாள். அக்காவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். அதற்குள் கொழுந்தன் முன்னால் ஓடி வந்து மெல்லச் சொன்னான். "மதினி, தப்பா நினைக்காதீக. மொத மொத பதவிக்குக் கிளம்புறா. செத்த உள்ள இருங்க."

அக்கா சரியென்று தலையாட்டிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். கொட்டுச் சத்தம் தெருவைத் தாண்டிப் போனது. நான் ஒருபாடு அழுதுவிட்டேன். அவள் அழவில்லை.

"ஒண்ணு சொன்னா யாருகிட்டயும் சொல்ல மாட்டியே?" என்றாள்.

"சொல்லுக்கா."

"ஓட்டுப்போடப் போனேன்ல, முத்திரையக் கையில எடுத்துட்டேன். எங்க குத்துறதுன்னு தெரியலடி. வெறுஞ்சீட்டை மடிச்சுப் பெட்டியில போட்டுட்டு வந்துட்டேன்."

நான் அவள் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தேன்.

"ஊரு பூரா நான் சொன்ன ஆளுக்குப் போட்டுச்சு" என்றாள். "எனக்குச் சொல்லத்தான் யாரும் இல்ல."