சந்தையில் நான் கூப்பிட்ட பேர்

கோணல்மாணலாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அஞ்சாம் வகுப்போடு நின்றவள். நடந்ததில் பாதி மறந்தும் போச்சு. என் ஓரகத்தியைப் பற்றி ஒருத்தரும் எழுதாமல் விட்டுவிடக் கூடாதே என்றுதான் உட்கார்ந்தேன்.

அவர் என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. நான் அக்கா என்பேன். எழுபதுகளின் கடைசியில் நாங்கள் முந்திரிக்கொட்டை வறுத்து உடைத்து, பருப்பை ஜெயங்கொண்டம் சந்தைக்குக் கொண்டுபோவோம். கூட உடைக்க வந்தவள் பக்கத்துத் தெருப் பெண். குடித்துவிட்டு அடிக்கிற புருஷனை விட்டுவிட்டுத் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். "சந்தையில வச்சே வெட்டுறேன்" என்று அவன் ஊரறியச் சொல்லியிருந்தான்.

"நான் சந்தைக்கு வரலக்கா."

"வூட்லயே கெடந்தா கஞ்சிக்கு என்னடி பண்ணுவ? நாங்க ரெண்டு பேரு இருக்கோம்ல, வா."

சொன்னதோடு விடவில்லை அக்கா. போகிற வழியில் முந்திரித் தோப்புக்குள் நின்று எங்களைப் பழக்கினார். குச்சியை அரிவாள் மாதிரி ஓங்கிக்கொண்டு மரத்துக்குப் பின்னாலிருந்து பாய்வார். "மூஞ்சியப் பாக்காத, கையப் பாரு!" பருப்புக் கூடையைத் தலையில் வைக்காமல் இடுப்பில் வைத்துக்கொள்வார். ஓங்கினால் அதை முன்னால் நீட்டித் தடுப்பது அவர் வேலை. திரும்பிப் பார்க்காமல் மளிகைக்கடைக்குள் ஓடுவது அந்தப் பெண்ணின் வேலை. கத்துவது என் வேலை.

"ஐயோன்னு கத்துனா பத்து பேரு வேடிக்கதான் பாப்பான். ஒருத்தன் பேரச் சொல்லிக் கூப்புடு. பேரு காதுல வுழுந்தா அவன் வந்துதான் ஆவணும்."

மளிகைக்கடை வாசலில் மூட்டை தூக்குகிறவர் ஒருவர் உண்டு, நல்ல திடகாத்திரம். அவரைக் கூப்பிடுவதென்று முடிவாயிற்று. அவருக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒரே பேர். அக்காவுக்கு அது கொழுந்தன் பேர், தாராளமாகச் சொல்வார். என் தவிப்பு அவருக்குத் தோன்றவே இல்லை. புருஷன் பேரை வாயால் சொல்லாதவள் நான். அதை அவரிடம் சொல்லவும் வெட்கம். பழகும்போது வாய்க்குள்ளேயே முனகுவேன்.

"கொசு கூட இதவிட சத்தமா கத்தும்டி" என்று அக்கா சிரிப்பார்.

நாலைந்து வாரம் ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் உச்சிவெயிலில், தோளில் துண்டு போட்டு ஒருவன் வந்தான். துண்டுக்குள்ளிருந்து அரிவாள் வெளியே வந்த பிறகுதான் அவன் என்று தெரிந்தது. அக்கா கூடையை நீட்டிவிட்டார். வெட்டு கூடையில் இறங்கிச் சிக்கிக்கொண்டது. பருப்பு தரையெல்லாம் சிதறியது. அந்தப் பெண் சொல்லி வைத்த மாதிரி கடைக்குள் ஓடிவிட்டாள். அவன் அரிவாளைப் பிடுங்க, அக்கா கூடையை விடாமல் இழுக்க, எனக்கு அந்தப் பேர் வாயில் வரவில்லை.

"அண்ணே!" என்று கத்தினேன். ஏழெட்டு அண்ணன்கள் திரும்பினார்கள். ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அரிவாள் கூடையிலிருந்து வந்துவிட்டது. கடைவாசலை நோக்கி அவன் ஓடினான்.

கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பேரைக் கத்தினேன். சந்தை முழுக்கக் கேட்டிருக்கும். மூட்டையைப் போட்டுவிட்டு ஓடிவந்தவர், அவனைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். அரிவாள் கீழே விழுந்தது. அப்புறம்தான் மற்ற அண்ணன்கள் வந்தார்கள்.

"யாருங்க என்னக் கூப்புட்டது? எம் பொண்டாட்டிகூட இப்புடிக் கூப்புட்டதில்ல!" என்றார் மூட்டைக்காரர்.

அக்காவின் முழங்கையில் ரத்தம் ஒழுகியது. அதைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. "அடிப்பாவி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா வேற ஆளப் பாத்திருப்பன்ல!" என்று சொல்லிச் சிரித்தார். அந்தக் கையோடு எப்படிச் சிரித்தாரோ! அப்படி ஒரு நெஞ்சுரம் நான் யாரிடமும் கண்டதில்லை.

சாயங்காலம் பயந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன். சேதி எனக்கு முந்தி வந்திருந்தது. "எங்க, இன்னொரு தடவ சொல்லு, நானும் கேக்குறேன்" என்றார் வீட்டுக்காரர். சொல்லவில்லை.

அக்கா போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தப் பெண் உடையார்பாளையத்தில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறாள். கடைக்குள்ளிருந்து எல்லாவற்றையும் பார்த்தவள் அவள்தான். "அண்ணே" என்று ஒருதரம் கத்தினேனா, இரண்டுதரமா, அக்காவுக்கு வெட்டு வலக்கையிலா இடக்கையிலா என்று யாராவது அவளிடம் கேட்டு, நான் தப்பாக எழுதியிருந்தால் திருத்திவிடுங்கள்.